12 வோல்ட் எப்படி 17 வோல்ட் ஆகும்?

அம்மாப்பேட்டை மின்பணியாளர்:
12 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தரும் மின்மாற்றியோடு 1000 ஓம் மின்தடையையும் 3.3 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைத்து மீட்டரால் அளந்தேன். மின்தடையில் 8.6, மின்தேக்கியில் 8.3; கூட்டினால் ஏறக்குறைய 17. மின்கலத்தோடு இரண்டு மின்தடைகளை வைத்தால் இந்தக் கணக்கு இம்மியும் பிசகுவதில்லை. ஆகவே, தொடரிலுள்ள பாகங்களின் மின்னழுத்தங்களைக் கூட்டினால் மூலத்தின் மின்னழுத்தம் வரும் என்னும் கிர்க்காஃபின் மின்னழுத்த விதி நேர்மின்னோட்டத்துக்கு மட்டுமே உரியது என்கிறேன்.

ஏற்காடு ஆசிரியை:
அதை நான் ஏற்கவில்லை, ஐயா. விதி ஒவ்வொரு கணத்துக்கும் உரியது. உங்கள் மீட்டர் காட்டுவதோ அலை முழுவதற்குமான ஆர்.எம்.எஸ். மதிப்பு, அதாவது வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம். மின்தடையின் மின்னழுத்தம் மின்னோட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. மின்தேக்கியிலோ மின்னூட்டம் சேரச் சேரத்தான் மின்னழுத்தம் உயரும் என்பதால், அது அலையின் கால் சுற்று, அதாவது 5 மில்லிவினாடி, பின்தங்குகிறது. மின்தடையில் உச்சமான 12.2 வோல்ட் இருக்கும் கணத்தில் மின்தேக்கியில் சுழி. மின்மாற்றியிலும் அப்போது 12.2 வோல்ட்தான். மின்தேக்கி தன் உச்சமான 11.8-ஐ எட்டும்போது மின்தடையில் சுழி. ஒரே நேரத்தில் வராத இரண்டு உச்சங்களைக் கூட்டுவது, தறியின் இரு மிதிகளும் ஒருசேர மேலே நிற்பதாகக் கணக்கிடுவதற்கு ஒப்பாகும்.

அம்மாப்பேட்டை மின்பணியாளர்:
அப்படியானால் பாடநூல் ஏன் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு அம்புகளை வரைந்து வர்க்கங்களைக் கூட்டுகிறது? மின்னழுத்தத்துக்குத் திசையே இல்லையே, அம்மா. விடையை வரவழைப்பதற்காகச் செய்த ஏற்பாடாகவே அது எனக்குத் தெரிகிறது.

ஏற்காடு ஆசிரியை:
அந்த அம்பின் கோணம் இடத்தைக் குறிப்பதன்று. அலையின் சுற்றில் ஓர் அலை இன்னொன்றுக்கு எவ்வளவு முன் அல்லது பின் என்பதைக் குறிப்பது. மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் 1893-இல் கலப்பெண்களைக் கொண்டு இந்தக் கணக்கை எளிதாக்கினார். உங்கள் மின்சுற்றில் மின்னோட்டம் மூல மின்னழுத்தத்தை 44 பாகை, அதாவது சுமார் 2.4 மில்லிவினாடி, முந்த வேண்டும். அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்துவிடலாம்.

அம்மாப்பேட்டை மின்பணியாளர்:
பார்த்தேன். ஆசிலோஸ்கோப்பின் இரு அளவுக் கம்பிகளின் தரைமுனையும் உள்ளே ஒன்றாக இணைந்திருப்பதால் அதை மின்தடையும் மின்தேக்கியும் சேரும் நடுப்புள்ளியில் மாட்டி, தலைகீழாகத் தெரிந்த ஓர் அலையைத் திருப்பிப் போட்டேன். எந்தக் கணத்தில் கூட்டினாலும் மூல மின்னழுத்தமே வந்தது. விதியைப் பற்றி நான் சொன்னது தவறு. எனினும், மாணவருக்கு முதலில் இந்த அலைகளைக் காட்டாமல் அம்பைக் காட்டுவதை இப்போதும் எதிர்க்கிறேன்.

ஏற்காடு ஆசிரியை:
முதல் வகுப்புக்கு அது பொருந்தும். மின்சுருளும் சேர்ந்துவிட்டால் மூன்று அலைகளைப் புள்ளிபுள்ளியாகக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. அங்கே அம்பை நான் கைவிட மாட்டேன்.