சங்கத்துல மெம்பர்னா சரக்கு சரியா இருக்குமாம்!

கணபதி பவுண்டரி:
நேத்து இங்க ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசே ஆறலை. "வெளிநாட்டுத் தொழில் சங்கத்தோட உறுப்பினர் பட்டியல்ல இருக்கற கம்பெனின்னா தைரியமா ஆர்டர் போடலாம். கூட உலோகத்தைச் சோதிச்சதுக்கான 3.1 சான்றிதழும் வந்துட்டா வேற என்ன வேணும், அதுல மூணாவது ஆள் கையெழுத்து இருக்கே"ன்னு எழுதியிருக்கார். அம்பத்தூர்க்காரரே, உங்களைத்தானுங்க. 3.1-ல மூணாவது ஆள் எவனும் கையெழுத்துப் போடறதில்லை. இந்தச் சான்றிதழ்களுக்கான ஐரோப்பிய விதி ஈ.என் 10204, அதை ஒரு தடவையாவது பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? செய்யற கம்பெனியோட சொந்த இன்ஸ்பெக்டர் போடறதுதான் 3.1. அவர் உற்பத்திப் பிரிவுக்குக் கீழ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சம்பளம் அதே முதலாளிகிட்டதான். வெளி ஆளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா அது 3.2.

அம்பத்தூர் எஸ்டேட்:
தனி இழை திறந்து திட்டற அளவுக்கு நான் பெரிய ஆளாயிட்டேன், நன்றி. நான் பேசினது தைவானோட ஃபாஸ்டனர் (போல்ட், ஸ்க்ரூ) சங்கம், ஜெர்மனியோட இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் வி.டி.எம்.ஏ மாதிரி அமைப்புகளைப் பத்தி. வி.டி.எம்.ஏ 1892-ல ஆரம்பிச்சது சார். நேத்து முளைச்ச வாட்ஸாப் குரூப் இல்லை. 3.1 விஷயத்துக்கு வரேன். 3.1.சி-ல வாங்கறவரோட இன்ஸ்பெக்டர்தான் கையெழுத்துப் போடுவார். நானே அந்தக் காகிதத்தைக் கையில வச்சுப் பார்த்திருக்கேன். அது 3.1 இல்லாம என்ன?

கணபதி பவுண்டரி:
3.1.சி அந்த விதியோட 1991 பதிப்புல இருந்தது. 2004-ல அதைத் தூக்கியாச்சு. 3.1.ஏ, 3.1.சி ரெண்டும் 3.2-க்குள்ள போயிடுச்சு. பழைய 3.1.பி-தான் இப்ப வெறும் 3.1. நீங்க பார்த்த காகிதத்துக்குப் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி ரொம்ப வருஷமாச்சு.

ஓசூர் கியர்:
ஒரு நிமிஷம். முதல்ல "நம்பகமான சப்ளையர்"னு எதைச் சொல்றோம்? உலோகம் சரியா இருக்கறதா, தேதிக்கு வர்றதா, கெட்டுப்போனா திருப்பி எடுத்துக்கறதா? சங்கம்னா உற்பத்தியாளர் சங்கமா, வர்த்தக சபையா? ஒவ்வொண்ணும் வேற வேற. அதைப் பேசி முடிச்சுட்டு...

அம்பத்தூர் எஸ்டேட்:
அதை அப்புறம் பேசலாம் ஓசூர். 3.1-ன்னு ஆரம்பிக்கற எல்லாமே 3.1 குடும்பம்தான். அதைத்தான் சொன்னேன்.

கணபதி பவுண்டரி:
குடும்பமா! அப்ப சித்தப்பா கையெழுத்துப் போட்டாலும் அப்பா போட்ட மாதிரிதானுங்களா?

பீளமேடு பம்ப்:
நீங்க ரெண்டு பேரும் 3.1-ஐ விட்டு இறங்கினா வேலைக்கு ஆகற விஷயம் பேசலாம். எங்க கம்பெனியில பர்சேஸ் நான்தான் பார்க்கறேன். சங்கப் பட்டியலை வச்சு ஆர்டர் போடறதில்லை, பேர் எடுக்கறதோட சரி. தைவான் கம்பெனின்னா 8 இலக்க வணிக எண்ணைக் கேட்டு வாங்கி அரசுப் பதிவேட்டுல போட்டுப் பார்ப்பேன். தொழிற்சாலைப் பதிவு இருக்கான்னு தனியாப் பார்க்கணும். கம்பெனிப் பதிவு இருக்கும், தொழிற்சாலைப் பதிவு இருக்காது, அது மேசையும் போனும் வச்சிருக்கற ட்ரேடிங் ஆபீஸ். சீனான்னா பிசினஸ் லைசென்ஸ்ல 18 இலக்கக் குறியீடு இருக்கும். அதே லைசென்ஸ்ல தொழில் வரம்புன்னு ஒரு பத்தி. அதுல உற்பத்தி இருக்கா, வெறும் விற்பனை மட்டும்தானான்னு படிக்கணும். சங்கத்துல உற்பத்தியாளரும் ட்ரேடரும் ஒரே வரிசையில இருப்பாங்க. சந்தா கட்டினா பேர் வரும்.

கணபதி பவுண்டரி:
அதைத்தான் தம்பி நானும் சொல்றேன். சந்தா கட்டினா பேர் வரும்.

பீளமேடு பம்ப்:
நான் தம்பி இல்லைங்க.

கணபதி பவுண்டரி:
சரிங்க அம்மணி. பேரைப் பம்புன்னு வச்சுக்கிட்டா எப்படித் தெரியும்?

பீளமேடு பம்ப்:
பவுண்டரின்னு பேர் வச்சவரை நான் ஆம்பளைன்னு நினைச்சது மட்டும் சரியாப் போச்சு பாருங்க.

தூத்துக்குடி கிளியரிங்:
கையெழுத்துக்கு அடிச்சுக்கிறீங்களே, எல்.சி, அதான் பேங்க் பணத்துக்குப் பொறுப்பேத்துக் கொடுக்கற கடிதம், அதைத் திறந்தா பேங்க் சரக்கைப் பாக்கும்னு நினைப்பா? எல்.சி-க்கான சர்வதேச விதி யு.சி.பி 600-ல தெளிவா எழுதியிருக்கு, பேங்குக்கு வேலை காகிதத்தோட மட்டும்தான். பி.எல் (கப்பல் சரக்கு ரசீது), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் எல்.சி-ல கேட்ட மாதிரி இருந்தா பணம் போயிரும். பெட்டியைத் திறந்தா உள்ள செங்கல் இருந்தாலும் போயிரும். சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடி வெளி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வேணும்னு எல்.சி-யிலயே ஒரு வரி போடுங்கய்யா. அந்த ஒரு வரிக்கு யாரும் காசு செலவழிக்க மாட்டீங்க, அப்புறம் என்கிட்ட வந்து அழுவீங்க.

அம்பத்தூர் எஸ்டேட்:
அதேதான்! வெளி இன்ஸ்பெக்‌ஷன் வந்தா 3.1-க்கு ஒரு மதிப்பு வந்துடுது.

கணபதி பவுண்டரி:
வராது. வெளி ஆள் ரிப்போர்ட் தனி, 3.1 தனி. பக்கத்துல வச்சுப் பின் அடிச்சா ஒண்ணாயிடாது.

நடந்ததைச் சொல்றேன். பம்ப் ஷாஃப்டுக்கு எஸ்.எஸ் 410-ங்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு வெளிநாட்டுல இருந்து எடுத்தோம். அந்த ஊர் சங்கத்துல சப்ளையரும் மெம்பர்தான். பேர் சொல்ல மாட்டேன். முதல் லாட்டுக்கு 3.1 வந்துச்சு, குரோமியம் 12 சதவீதத்துக்கு மேல. சரின்னு விட்டாச்சு. அடுத்த லாட் மாசக்கணக்குல கழிச்சு வருது, சான்றிதழ்ல அதே ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்குல வந்த உலோகம்னு சொல்ற எண். சீல் இடப்பக்கம் லேசாச் சாஞ்சு, கீழ்விளிம்புல மை அப்பியிருந்துச்சு. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தா அதே சாய்வு, அதே அப்பல். கலர் ஜெராக்ஸ். ராடு முனையில பஞ்ச் அடிச்ச நம்பரோ வேற. லேப்ல கொடுத்தா குரோமியம் 10-ஐக்கூடத் தொடலை, 410-க்கு 11.5-ஆவது இருக்கணும். சங்கத்துக்கு மெயில் போட்டோம். "உறுப்பினர்களின் வணிகத் தகராறில் சங்கம் தலையிடுவதில்லை"ன்னு மரியாதையாப் பதில் வந்துச்சு. வி.டி.எம்.ஏ 1892-ஆ இருந்தா எனக்கென்ன, 1492-ஆ இருந்தா எனக்கென்ன?

அம்பத்தூர் எஸ்டேட்:
அது போலிச் சான்றிதழ் சார். போலி ரூபாய் நோட்டு வந்தா ரிசர்வ் பேங்கைத் திட்டுவீங்களா? உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு காட்டற எக்ஸ்.ஆர்.எஃப் கன் ஒண்ணை வாங்கி வச்சு, சரக்கு உள்ள வர்றப்பவே தட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நாங்க 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு பேர் சொல்லி 202 ரகம் வருதான்னு நிக்கலை வச்சே பிடிச்சுடுவோம். 304-ல 8 சதவீதம், 202-ல 4-லருந்து 6.

கணபதி பவுண்டரி:
அந்தக் கன்னுக்குக் கார்பன் தெரியாது. 304-க்கும், கார்பன் கம்மியான 304 எல்-லுக்கும் வித்தியாசம் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம். அதுக்குத் தீப்பொறி வச்சுப் பார்க்கற ஸ்பெக்ட்ரோ மெஷின் வேணும்.

அம்பத்தூர் எஸ்டேட்:
304 எல் பேச்சை யார் எடுத்தா இப்ப?

கணபதி பவுண்டரி:
கன் பேச்சை யார் எடுத்தா?

ஓசூர் கியர்:
நான் கேட்டதுக்கு யாராவது...

பீளமேடு பம்ப்:
போல்ட் வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். எம்5 (5 மி.மீ. விட்டம்), அதுக்கு மேல இருக்கற ஹெக்ஸ் போல்ட் தலையில 8.8-ன்னு பலத்தைச் சொல்ற எண் மட்டும் இருந்தாப் பத்தாது, செஞ்சவனோட அடையாளக் குறியும் இருக்கணும். போல்டுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ 898-1 அதைக் கேட்குது. குறி இல்லாத போல்டோட சப்ளையர் சங்கத்துல தலைவரா இருந்தாலும் நான் திருப்பி அனுப்பிடுவேன். தைவான்ல காவ்சியுங் பக்கம் காங்ஷான் முழுக்க ஸ்க்ரூ, போல்ட் கம்பெனிகள்தான். காவ்சியுங்ல நடக்கற ஃபாஸ்டனர் கண்காட்சிக்குப் போனா, ஸ்டால்ல பேசிட்டு, மறுநாள் ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்கலாம். தட்டிக் கழிக்கறவன் ட்ரேடர்.

அம்பத்தூர் எஸ்டேட்:
அந்தக் கண்காட்சிக்கு வழி காட்டறது யாரு? சங்கம்! நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீங்க மேடம்.

பீளமேடு பம்ப்:
இல்லைங்க. நீங்க ஆர்டர் போடச் சொன்னீங்க, நான் போய்ப் பார்க்கச் சொல்றேன்.

தூத்துக்குடி கிளியரிங்:
நம்ம நாட்டு இன்ஜினியரிங் ஏற்றுமதிக் கவுன்சில் இ.இ.பி.சி-ட்ட கேட்டா லிஸ்ட் தருவாங்களா?

கணபதி பவுண்டரி:
1955-லருந்து அவங்க வேலை நம்ம சரக்கை வெளிய விக்க உதவறது. வாங்கறவனுக்கு அங்க என்ன இருக்கு? இதுகூடத் தெரியாமத்தான் துறைமுகத்துல உட்கார்ந்திருக்கீங்களா?

தூத்துக்குடி கிளியரிங்:
அண்ணாச்சி, வார்த்தையை அளந்து பேசுங்க. போன வருசம் உங்க பெட்டி தாமதக் கட்டணம் ஏறி டெமரேஜுல நின்னப்ப ராத்திரி பத்து மணிக்கு யாருக்குப் போன் அடிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?

கணபதி பவுண்டரி:
அந்த டெமரேஜ் பில்லை இன்னும் நான் ஒத்துக்கலை. பொது இடத்துல அதை இழுக்காதீங்க.

அம்பத்தூர் எஸ்டேட்:
ஓ, இங்கயும் பாக்கிதானா? கோயம்புத்தூர்க்காரங்க கணக்குல கில்லாடின்னு கேள்விப்பட்டிருக்கேன்.

கணபதி பவுண்டரி:
ஊரைப் பத்திப் பேசினா மரியாதை கெட்டுடும். எங்க ஊர்த் தொழில் சங்கங்கள்ல கொடிசியா 1969-லருந்து இருக்குது, சீமா 1952. நாங்க சங்கம் நடத்திப் பார்த்தவங்க. சங்கத்தால என்ன முடியும், முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் 3.1-ல யார் கையெழுத்துன்னே தெரியலை.

அம்பத்தூர் எஸ்டேட்:
3.1.சி-ல வாங்கறவர் கையெழுத்து. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான் சொல்வேன்.

தூத்துக்குடி கிளியரிங்:
பில் நகலை இங்கயே போடட்டுமா அண்ணாச்சி?

கணபதி பவுண்டரி:
போடுங்க. ரெண்டு நாள் கூடுதலாக் கணக்குப் போட்டிருக்கறதையும் எல்லாரும் பார்க்கட்டும்.