அப்பாவுக்குப் பொட்டாசியம் 5.8, ரசத்துக்கு என்ன வழி?

அப்பாவுக்குக் கிட்னி பிரச்சினை, போன வாரம் ரத்தத்தில் பொட்டாசியம் 5.8 வந்துவிட்டது, 5-க்குள் இருக்க வேண்டுமாம். இளநீர், வாழைப்பழம், முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதைவிடக் கொடுமை, பிபிக்கு நல்லது என்று நானே வாங்கி வைத்த சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்ததும் தூக்கிப் போட்டேன். இப்போது சுரைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ்தான். அதையும் பொடியாக நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கிறேன். பழம் என்றால் அரை ஆப்பிள்.

சரி, ரசத்துக்கு என்ன செய்கிறீர்கள்? தக்காளியும் புளியும் இல்லாமல் வைத்தால் 'வெந்நீரா இது?' என்று தட்டை நகர்த்திவிடுகிறார். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து மிளகு ரசம் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? அப்புறம், சாயங்காலம் காபிக்குப் பதில் என்ன கொடுக்கலாம்? வீட்டில் இதே பத்தியம் பார்ப்பவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.