கடை இடம் மாறியபோது உங்கள் ஊரில் என்ன நடந்தது?

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊருக்குள் மதுக்கடை வந்தது 2017இல். அதற்கு முன்பு அது மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்தது. குடிக்கிறவர் குடிப்பார், பஸ் ஏறுகிறவர் ஏறுவார், ஊருக்குள் ஒரு சத்தம் கேட்காது. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய மற்றும் மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊர் என்றால் 220 மீட்டர் போதும் என்று அடுத்த மார்ச் 31இல் ஒரு திருத்தம். விபத்து குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ரோட்டை விட்டுத் தள்ளு என்றால் கடை வானத்திலா போகும்? வயல் பக்கம்தான் வரும்.

ஒருநாள் காலையில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டு வந்தார்கள். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "என்ன தம்பி, ரோட்டை அகலப்படுத்தப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "சும்மா அளக்கிறோம்யா" என்றார்களாம். டேப் அவருடைய கிணற்று மேட்டில் வந்து முடிந்தது. அதைத் தாண்டி இருந்த காலி ஷெட்டை யாரோ வாடகைக்குப் பேசிவிட்டார்கள் என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடம், கோயில் இவற்றிலிருந்து நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது 2003 விதி. அதுவும் கச்சிதமாக இருந்தது. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வண்டிப்பாதை அந்த ஷெட் வாசலை ஒட்டித்தான் போகிறது, அது எந்தக் கணக்கிலும் வரவில்லை. பெண்கள் பாதையில் உட்கார்ந்தார்கள், மே 1 கிராம சபையில் தீர்மானம் போடச் சொன்னார்கள். எழுத வேண்டியவர் தயங்கினார். அத்தை விடவில்லை. "கடையை எடுக்கிறாங்களோ இல்லையோ, எங்க கையெழுத்து அதுல இருக்கணும், எழுதுப்பா" என்றாள். எழுதினார்கள். கடையும் இருந்தது.

எனக்கு மறக்காதது வேறு. அந்த வருஷம் பெரியப்பா வயலில் நடவு. சேற்றுக்குள் கண்ணாடி எப்படித் தெரியும்? நட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்கு உள்ளங்காலில் ஏழு தையல். பெரியப்பா மறுநாள் வரப்பு ஓரம் முழுக்கக் கையாலேயே துழாவி ஒரு சிமென்ட் சாக்கு நிறையச் சில்லு அள்ளினார். அப்படியும் அந்த வயலுக்கு மட்டும் நடவுக்கு ஆள் வரவில்லை, இரண்டு போகம் தரிசாகவே கிடந்தது. உங்கள் ஊரில் எப்படி?

*

சகோ, நான் கவுன்டருக்கு உள்ளே நின்றவன், திட்டாமல் படியுங்கள். 2003 நவம்பர் 29இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது டிகிரியை வைத்துக்கொண்டு சூப்பர்வைசராகச் சேர்ந்தேன், தொகுப்பூதியம். சொந்தக்காரர்களிடம் அம்மா "கவர்மென்ட் வேலை" என்று மட்டும் சொல்வார், எந்தத் துறை என்று யாராவது கேட்டால் காபி போட எழுந்துவிடுவார்.

2016 மே 24இலிருந்து கடை திறப்பது காலை 10 மணியிலிருந்து பகல் 12 ஆனது. எங்கள் கடைக்குத் தினமும் 10 மணிக்கு வருகிற ஒரு பெரியவர் இருந்தார். நேரம் மாறியதும் அவர் மாறவில்லை. அதே 10 மணிக்கு வந்து ஷட்டர் படியில் உட்கார்ந்து, கை நடுங்க நடுங்கப் பேப்பர் படிப்பார், இரண்டு மணி நேரம். 12க்கு நான் ஷட்டரைத் தூக்கினால் "வணக்கம் சார்" என்பார். அவருக்கு நான் கொடுத்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அப்புறம் கொரோனா. 2020 மே 7 அன்று திறந்தபோது வயது வாரியாக நேரம்: 50க்கு மேல் 10 முதல் 1 மணி, 40 முதல் 50 வரை 1 முதல் 3, அதற்குக் கீழே 3 முதல் 5. ஆதார் கார்டை நீட்டி ஒருவர் "இன்னும் மூணு மாசத்துல அம்பது சார், இப்பவே விடுங்க" என்று சண்டை. பின்னால் நின்ற கூட்டம் அவருக்கு ஆதரவு வேறு. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத் தடை வாங்கி 16ஆம் தேதி மறுபடி திறந்தபோது கிழமைக்கு ஒரு நிறத்தில் டோக்கன்.

*

கண்ணாடிச் சில்லு என்றதும் எழுதத் தோன்றியது. நான் நீலகிரிப் பக்கம். காட்டோரம் கிடக்கிற பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2022 மே மாதத்திலிருந்து இங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்குகிறார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வந்துவிடும். டூரிஸ்ட் யார் திருப்பிக் கொடுக்கப் போகிறான்? எங்கள் எஸ்டேட் லைனில் ஒரு பாட்டி கொழுந்துச் சாக்கோடு வியூ பாயின்ட் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவார். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் கூலியை விட அது அதிகம் என்று சிரிப்பார். உடைந்ததை வாங்க மாட்டார்கள் என்பதால் முட்டையைத் தூக்குவது மாதிரித் தூக்கி வருவார்.

*

எங்கள் ஊர்க் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 22 அன்று 500 கடைகளை மூடினார்களே, அதில் எங்களுடையதும் ஒன்று. அத்தை ஊருக்கே பாயசம் வைத்தாள். பெரியப்பா வயலில் இப்போது ஆள் இறங்குகிறது. அடுத்த கடை 9 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும். அத்தை மகன் ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த ரோட்டில்தான் பைக்கில் திரும்புகிறான், லைட் தெரிகிற வரைக்கும் அத்தை திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.