பொருள்: 'கோலிங் ஸ்டேஷன்' தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ.:
வணக்கம். சிங்கப்பூர் கெப்பல் துறைமுகம் பற்றிய மரபுடைமைப் பலகை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று நின்று நின்று கரி எடுத்துக்கொண்டுதான் சீனா போயின. அந்த இடங்களை 'நிலக்கரி நிலையம்' எனலாமா? வரிக்கு 20 எழுத்துதான் இடம்.

இரா.:
நிலையம் வேண்டாம் தம்பி, அனல்மின் நிலையம் என்று படித்துவிடுவார்கள். கரித்துறை. ஐந்தே எழுத்து.

மு.:
ஐயா, கரி என்றால் யானையும்தான். ரகரம் றகரமானால் இங்கே இறைச்சி, சங்கப் பாட்டில் மிளகு: 'கருங்கறி மூடை'.

இரா.:
மிளகுக்கு வந்தவர்கள்தானே பிறகு கரிக்கு அடித்துக்கொண்டார்கள்! கரு, கார், கரி எல்லாம் ஒரே வேர். காரிருள், கரிசல்...

ந.:
வேர் இருக்கட்டும். வல்லரசுகள் கேட்டது வெறும் துறை அல்ல. கரிக்கிடங்கு, கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறை, தந்திக் கம்பி, காவலுக்குப் பீரங்கி, எல்லாம் சேர்ந்த ஒன்று. 1885இல் ரஷ்யாவோடு போர் மூளும் என்று பிரிட்டன் கொரியாவின் கொமுண்டோ தீவைப் பிடித்து, 1887இல்தான் விட்டது. 1898இல் சீனாவிடம் ஜெர்மனி ஜியாவ்சோ விரிகுடாவையும், ரஷ்யா போர்ட் ஆர்தரையும், பிரிட்டன் வெய்ஹாய்வெய்யையும் குத்தகைக்கு வாங்கின. வழியில் இப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1905 ஏப்ரல் 8இல், ஜப்பானோடு போரிடப் போன ரஷ்யாவின் பால்டிக் கடற்படை சிங்கப்பூரை நிற்காமலே கடந்தது. பிரிட்டன் நடுநிலை நாடு, அதோடு ஜப்பானின் கூட்டாளி. அதன் துறைமுகங்களில் கரி கிடைக்காது. ஜெர்மன் கரிக்கப்பல்களிடம் வழிநெடுகக் கரி வாங்கி, மேல்தளத்திலும் குவித்து, பாரத்தில் அமிழ்ந்தபடி போனார்கள். ஆகவே 'நிலக்கரித் தளம்'.

செ.:
தளம் என்றதும் இங்கே செம்பவாங் கடற்படைத் தளம்தான் நினைவுக்கு வரும் அக்கா. அது 1938இல் திறந்தது, எண்ணெய்க் காலம். 'நிலக்கரித் துறை' என்றாலோ அமைச்சகம் மாதிரி.

மு.:
'கோலிங் ஸ்டேஷன்' என்றே போடுங்களேன். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் பெயர் நம் பேச்சில் நுழைய யார் கலைச்சொல் ஆக்கினார்கள்? அதுவும் 1914இல் பிடித்த கப்பல்களின் கரியில் ஓடிய கப்பல்தான்.

இரா.:
எம்டன் வசவு, பலகைக்கு ஆகாது. 'நிலக்கரி ஏற்றுதுறை' எப்படி? வினைத்தொகை, வலி மிகாது, 'த்' போட்டுவிடாதீர்கள்.

செ.:
மூவர் சம்மதம். அனுப்பிவிடுகிறேன்.

ந.:
எனக்குச் சம்மதமில்லை. ஏற்றுதுறை என்றால் அன்று கரி ஏற்றுமதியான பிரிட்டனின் கார்டிஃப் மாதிரி. சிங்கப்பூருக்குக் கரி வெளியிலிருந்து வந்து இறங்கியது. பலகையைப் படிப்பவர் புக்கித் தீமா குன்றில் கரிச்சுரங்கம் தேடப் போகிறார்.