மறு: டவுன்டெம்போ, சில்-அவுட், ஆம்பியன்ட்: மூன்றுக்கும் ஒரே சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம். டவுன்டெம்போ, சில்-அவுட், ஆம்பியன்ட் என்ற மூன்று மின்னிசை வகைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில், வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> மூன்றுமே களைப்பாறக் கேட்கும் இசைதான். ‘தளர்விசை’ என்று ஒரே சொல்லாக வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

ஐயா, குழப்பம் அங்கேதான் தொடங்கும் என்று நினைக்கிறேன். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை வைத்துப் பெயரிட்டால், நாதசுரத்தைக்கூடக் ‘கல்யாண இசை’ என்று எழுதிவிடலாம். இசை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

டவுன்டெம்போவுக்கு, பிரான்சின் வெர்சாய் ஊர்க்காரர்களான ஏர் (Air) என்ற இசை இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கோலா கோடான் கட்டடக்கலை படித்தவர், ஜான்-பெனுவா தன்கெல் கணிதம் படித்தவர். 1998இல் வந்த அவர்களுடைய ‘மூன் சஃபாரி’ தொகுப்பின் முதல் உருப்படி ஏழு நிமிடம் ஓடும். பாஸ் கிட்டார்தான் வண்டியை இழுக்கிறது. மேலே ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ, மூக் சின்தசைசர் எல்லாம் வந்து போகின்றன. அடியில் டிரம்ஸ் சீராக நிற்கிறது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கலாம்.

இப்போது ஆம்பியன்ட். ஆங்கில இசையமைப்பாளர் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென்று 1978இல் வெளியிட்ட தொகுப்புக்குத் தாளம் போட்டுப் பாருங்கள். கை எங்கே விழுவது என்றே தெரியாது. அதன் இரண்டாவது உருப்படியில் பெண் குரல்கள் ஒற்றைச் சுரங்களை நீட்டிப் பாடுகின்றன. ஒவ்வொரு சுரமும் தனித்தனி நீளமுள்ள ஒலிநாடாச் சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. நீளங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் இரண்டு சுரங்கள் ஒரு நேரம் சேர்ந்து வரும், அடுத்த சுற்றில் விலகிவிடும். கவனித்துக் கேட்டாலும் சரி, காதில் விழுந்தபடி கிடந்தாலும் சரி என்பதுதான் ஈனோ அந்த வகைக்குச் சொன்ன இலக்கணம். இதற்குக் குழுவில் ஏற்கெனவே வந்த ‘சூழிசை’ கச்சிதமான சொல். அதை விட்டுவிட வேண்டாம்.

சில்-அவுட் என்பது இந்த இரண்டுமே இல்லை. அது ஓர் அறையின் பெயரில் வளர்ந்தது. 1989இல் லண்டன் ஹெவன் கிளப்பில் ஆடிக் களைத்தவர்கள் உட்கார ஒரு பக்க அறை ஒதுக்கி, அங்கே அலெக்ஸ் பேட்டர்சனும் ஜிம்மி காட்டியும் இசைத்தட்டு ஓட்டினார்கள். அங்கே சூழிசையும் ஓடும், வேறு எதுவும் ஓடும். ஆக இங்கே மட்டும் பயனை வைத்துப் பெயரிடுவது நியாயம்: ‘இளைப்பாறிசை’. இசையா இளைப்பாறுகிறது, ‘இளைப்பாற்றிசை’ அல்லவா சரி என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்கலம் என்கிறோமே, கலமா உண்கிறது?

மிச்சம் இருப்பது டவுன்டெம்போ. முன்மொழிவுகளில் ‘மின்மெல்லிசை’ காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெல்லிசை என்றதும் நமக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்திதான் நினைவுக்கு வருவார்கள். (அவர்களும் இரட்டையர்தான், அது வேறு.) ‘மந்த இசை’ வேண்டவே வேண்டாம், வயிற்று மந்தம் மாதிரி இருக்கிறது.

> சிலப்பதிகார உரையில் முதல்நடை, வாரம், கூடை, திரள் என்று நான்கு இயக்கம் உண்டு. முதல்நடையை எடுத்துக்கொள்ளலாமே?

நல்ல இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள் அம்மா. எனக்கும் ஆசைதான். சிக்கல் என்னவென்றால், முதல்நடை அந்த நான்கு வேகங்களிலும் மிகத் தாழ்ந்தது. டவுன்டெம்போ அவ்வளவு மெதுவாகப் போவதில்லை. ஹவுஸ் என்ற ஆட்ட இசை நிமிடத்துக்கு 120 தாள அடிக்கு மேல் போகிறதென்றால், இது பெரும்பாலும் 80, 90, 100 என்று நடக்கும். வியன்னாவின் குரூடர் - டோர்ஃப்மைஸ்டர் இரட்டையர் பிறர் பாட்டுகளை மறுகலவை செய்து 1998இல் வெளியிட்ட தொகுப்பைப் போட்டுப் பாருங்கள், தலை தானாக ஆடும். ஆட்டக்களத்தின் வேகத்திலிருந்து இறங்கி வந்தது என்பதே சொல்லில் தெரிய வேண்டும். அதே உரையில் வரும் ‘தாழ்ந்த செலவு’ (மெதுவான போக்கு) என்பதைப் பிடித்துத் ‘தாழ்செலவிசை’ என்று வைத்தால், பட்ஜெட் இல்லாமல் எடுத்தது என்றுதான் இன்றைக்குப் படிப்பார்கள்.

என் முன்மொழிவு ‘தணிநடை’. வேகம் தணிந்தது, சூடு தணிந்தது என்று நாம் தினமும் சொல்வதுதான். ‘தணிநடை மின்னிசை’ என்று சேர்த்தும் எழுதலாம். கர்நாடக இசையில் நடை என்றால் தாள அடியை மூன்றாக, நான்காகப் பிரிக்கும் திஸ்ரம், சதுஸ்ரம் என்று வேறு கணக்கு ஆயிற்றே என்று வித்துவான்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனாலும் ‘தணி’ என்ற முன்னொட்டோடு வரும்போது யாரும் மயங்க மாட்டார்கள். வேகத்தைக் குறிக்கும் ‘காலம்’ சேர்த்துத் ‘தணிகாலம்’ என்றால் பருவத்தின் பெயர் போலிருக்கிறது.

அப்புறம், டுவோ (duo) என்பதற்கு ‘இருவர் குழு’ என்று எழுதியிருந்தார்கள். இரட்டையர் என்ற சொல் கையில் இருக்கும்போது அது எதற்கு? உடன்பிறந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற தயக்கமும் வேண்டாம். கர்நாடக இசைப் பாடகர்களான ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்களே அல்ல. ஸ்காட்லாந்தின் மின்னிசை இரட்டையரான போர்ட்ஸ் ஆஃப் கனடா இருவரும் நிஜமாகவே அண்ணன் தம்பி, அதைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

ஆகவே ஆம்பியன்ட் - சூழிசை, சில்-அவுட் - இளைப்பாறிசை, டவுன்டெம்போ - தணிநடை. ‘தணிநடை’க்கு ஆட்சேபம் இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். லோ-ஃபை பற்றிக் கேட்டவர் தனி இழை தொடங்கட்டும், இதில் இழுத்தால் முடியாது.