31 வாரத்தில் பிறந்த குழந்தை: கண் பரிசோதனையைத் தள்ளிப் போடலாமா?

கரூர்க்காரி:
என் பெண் 31 வாரத்தில் பிறந்தாள், 1,400 கிராம். எடை 1,850 வந்ததும் போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் வருகிற வியாழன் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறது. மாமியார், "வெளிச்சத்தைப் பார்க்குதே, கண்ணு நல்லாத்தானே இருக்கு, பச்சை மண்ணை எதுக்கு பஸ்ல அலைக்கழிக்கணும், மூணு மாசம் முடியட்டும்" என்கிறார். ஆஸ்பத்திரியிலேயே ஒரு தடவை பார்த்தாயிற்று, அதனால் எனக்கும் அவ்வளவு அவசரமா என்று தோன்றுகிறது. தினமும் குளிப்பாட்டி சாம்பிராணி போடணுமாம், உரை மருந்துக்குக் கல்லும் தயாராக இருக்கிறது. எதற்குச் சரி சொல்வது?

வார்டு நர்ஸ்:
வியாழன் என்றால் வியாழன்தான் தங்கச்சி, ஒரு வாரம்கூடத் தள்ளாதீங்க. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது, பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து திரையையே இழுத்துப் பிரித்துவிடலாம், வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். ஆர்ஓபி என்பார்கள். 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்னாலோ பிறந்தால் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை, அதோடு முடியாது, குழாய்கள் முழுசாக வளர்ந்துவிட்டன என்று டாக்டர் சொல்லும் வரை போகணும். லேசர் தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும், மூன்று மாதம் கழித்துப் போனால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். காது விஷயமும் கேளுங்க, ஐசியு-வில் இருந்த குழந்தைக்கு காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் வேணும்.

உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம், தாய்ப்பாலும் டாக்டர் எழுதின சொட்டு மருந்தும் மட்டும். இரும்புச் சத்து சொட்டு கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீங்க.

மதுரை அம்மா:
என் பையனுக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். கண்ணில் சொட்டு விட்டு கண்பாவை விரியும் வரை உட்கார வைப்பார்கள், அப்புறம் இமையை விலக்கி வைக்கச் சின்னக் கம்பி போட்டுப் பார்ப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும், உங்களுக்கும் அழுகை வரும், ஆனால் சில நிமிஷம்தான். பார்க்கும் நேரத்தை ஒட்டிப் பால் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கும். முடிந்ததும் கொடுங்கள்.

பஸ் வேண்டாம், கார் கிடைத்தால் நல்லது. தொப்பி, சாக்ஸ் போட்டு, டயப்பரோடு உங்கள் நெஞ்சில் தோலோடு தோலாக ஒட்ட வைத்து மேலே சேலையைச் சுற்றிக்கொள்ளுங்கள், மூக்கு மட்டும் மூடக்கூடாது. வீட்டிலும் நாளுக்கு 8 மணி நேரமாவது அப்படி வைத்திருங்கள், அப்பாவும் செய்யலாம்.

சேலம் அப்பா:
பெரியவர்கள் சொல்வது எல்லாமே தப்பில்லை, தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தடவலாம், மூக்கிலும் காதிலும் விடக்கூடாது, அவ்வளவுதான். குளியல் இரண்டரை கிலோ வரட்டும், அதுவரை துடைத்தால் போதும். சாம்பிராணி மட்டும் கூடவே கூடாது, அந்த நுரையீரலுக்குப் புகை ஆகாது.

கரூர்க்காரி:
கார் சொல்லியாச்சு. பாலாடையில் கொடுக்கும்போதே தூங்கிவிடுகிறாள், எழுப்பணுமா? ஆறு வாரத் தடுப்பூசியையும் இரண்டு மாதம் தள்ளணுமா?

வார்டு நர்ஸ்:
எழுப்பணும், உள்ளங்காலைத் தட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்க. தடுப்பூசி பிறந்த தேதிப்படிதான், தள்ளக்கூடாது. தலை நிற்பது, குப்புறப் படுப்பது, உட்காருவது, இதற்கு மட்டும்தான் முன்னாடியே பிறந்த அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கணும், 2 வயது வரைக்கும். எழுப்பியும் பால் குடிக்கவில்லை, நெஞ்சு உள்வாங்குது, உதடு நீலமாகுது, பாதம் சில்லென்று இருந்து அணைத்தும் சூடேறவில்லை என்றால் 108-க்குப் போன் போடுங்க. மாமியாரையும் வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போங்க, டாக்டர் வாயால் கேட்டால் வீட்டில் பாதிப் பேச்சு அடங்கும்.