வெலாஸ்கெஸின் போர்ப் புகை எனக்கு வரவில்லை

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1635 வாக்கில் முடித்த ‘பிரேடாவின் சரணடைவு’ ஓவியத்தை 60க்கு 72 செ.மீ. கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுக்கிறேன். பிரேடா நகரின் சாவியை நீட்டும் டச்சுத் தளபதி யூஸ்டினுஸ், அவர் தோளில் கை வைக்கும் ஸ்பெயின் படைத் தளபதி ஸ்பினோலா, வலப்பக்கத்து ஈட்டிகள் எல்லாம் ஓரளவு வந்துவிட்டன. பின்னால் முற்றுகை நிலத்தில் எழும் புகைதான் சிமெண்ட் பூசியது போலக் கெட்டியாகிறது. அசலில் அதற்குக் கனமே இல்லை, என்ன அழகு அது!

அல்ட்ராமரின் நீலத்தில் டைட்டானியம் வெள்ளை கலந்தேன், லின்சீட் எண்ணெய் கூட்டினேன், இரண்டு முறை சுரண்டிவிட்டுத் திரும்பப் போட்டேன். என் அடிப்பூச்சு, அதாவது வரையும் முன் கேன்வாஸில் போட்ட முதல் பூச்சு, அடர் பழுப்பு. வெலாஸ்கெஸ் 1630களில் வெளிர் அடிப்பூச்சுக்கு மாறியதைப் பிறகுதான் படித்தேன்.

பின்னணிக்கு மட்டும் வெளிர் அடிப்பூச்சு போட்டுத் தொடரலாமா, புது கேன்வாஸ்தான் வழியா?